கால்வாரும் ஒரு ஜோடி பூட்ஸும்

ஆகஸ்ட் 5

காலையில் போன கரண்ட் மத்தியானம்தான் வந்தது. அதற்குள் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வந்து, தார்ப்பாய் இன்னும் தைக்கவில்லையா என்று பட்டறை வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். கரண்ட்டை நானா பிடித்து வைத்திருக்கிறேன்? வாயால் ஊதினால் மிஷின் ஓடுமா? நான் பதிலுக்கு எழுந்தபோது தங்கப்பொண்ணு அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தார். என்னிடம் தைக்கிறவர்களில் மூத்தவர் அவர். "விடும்மா, அவருக்கு வீட்ல என்ன சண்டையோ" என்றார். யார் வீட்டுச் சண்டைக்கும் அவனியாபுரத்தில் நான்தான் கிடைத்தேனா?

சாயங்காலம் சூரியபிரகாஷ் வந்தார். கே.கே. நகரில் ஆபீஸ் வைத்திருப்பவர். வெளிநாட்டு ஆர்டர்களை வாங்கி எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளுக்குக் கொடுப்பவர். நீளமான பையிலிருந்து அலுமினியத் துண்டுகள் மூன்றை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் கால் வைக்கக் கட்டைகள். இவற்றை மரத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வாரால் இறுக்கிக் கட்டி, ஏறிப்போய், உச்சியில் ஒரு பலகையில் உட்கார்ந்துகொண்டு மான் வேட்டையாடுவார்களாம் அந்த நாட்டில். நாங்கள் அதற்கு ஏணித்துண்டு என்று பெயர் வைத்துவிட்டோம்.

எங்களுக்கு வேலை அதன் அடியில் தொங்கும் கால்வார். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குக் கால் எட்டாது. அந்த இடைவெளியில் மிதித்து ஏற நாடாவில் ஒரு வளையம். ஆளின் கால் நீளத்துக்குத் தக்கபடி பக்கிளை இழுத்து ஏற்றிக்கொள்ளலாம், இறக்கிக்கொள்ளலாம்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "மான் தரையிலதான நிக்கும்? இவய்ங்க எதுக்கு மரத்துல ஏறுறாய்ங்க?"

எனக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 8

மாதிரி தைத்தாயிற்று. சூரியபிரகாஷ் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தமிழ்வாணி" என்றார்.

தங்கப்பொண்ணு அக்காவை அவர் அக்கா என்கிறார். சிவபாண்டியைத் தம்பி என்கிறார். என்னை மட்டும் தமிழ்வாணி. அவரைவிட நான் ஏழெட்டு வயது மூத்தவள். சிவபாண்டியிடம் புலம்பினால், "பேரு வச்சதே கூப்பிடத்தானக்கா" என்கிறான். என் தம்பிக்கு எதுவுமே உறைக்காது.

முதன்முதலில் வந்தபோது அவர் என்னை மேடம் என்றார். அடுத்த தடவை எந்த ஊர் என்று விசாரித்தார். சோழவந்தானுக்கு மேற்கே இன்ன ஊர், சின்னான் மகள் என்றேன். "அட, எங்க பெரியப்பா தோப்புல வேல பாத்தாரே, அந்தச் சின்னானா?" என்று சந்தோஷமாகத்தான் கேட்டார். அன்றோடு மேடம் போய்விட்டது.

ஆகஸ்ட் 12

முந்தாநாள் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தில் ஏறிப் பார்த்தோம். அந்த மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். ஒரு கல், ஒரு வேல், அவ்வளவுதான். மரத்துக்கு மஞ்சள் துணி கட்டியிருக்கும். அதன் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். சிவபாண்டியும் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு, ஏணித்துண்டுகளைக் கட்டி ஏறினான். கால்வார் அவன் எடையை அசையாமல் தாங்கியது. மேலே போய்க் கிளையில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, மான் எதுவும் கண்ணுல படலக்கா, ஆடு பரவாயில்லயா?" என்று கத்தினான்.

வீடியோ எடுத்து சூரியபிரகாஷுக்கு அனுப்பினேன். இன்றைக்கே அங்கிருந்து சரி என்று பதில் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 29

எல்லா மிஷினும் ஓடுகிறது. தங்கப்பொண்ணு அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டே தைக்கிறார். முதல் பெட்டி போய்விட்டது. எனக்குக் கோபமே வரவில்லை, அதுவே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 9

ஆர்டரை நிறுத்திவிட்டார்கள்.

முதல் பெட்டியைத் திறந்து அங்கே ஒருவர் மரத்தில் ஏறிப் பார்த்திருக்கிறார். ஏறிவிட்டார். இறங்கும்போது பூட்ஸ் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டதாம். உருவப் பார்த்ததில் கை நழுவித் தலைகீழாகத் தொங்கிவிட்டார். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இருந்ததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீதிச் சரக்கை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

யாராக இருந்தால் என்ன, நான் தைத்த நாடாவில் ஒரு மனிதர் தலைகீழாகத் தொங்கியிருக்கிறார். சிவபாண்டி நன்றாக ஏறி இறங்கினானே, எப்படி என்று போனில் கேட்டேன். அதற்குச் சூரியபிரகாஷ் சொன்னது:

"தம்பி வெறுங்கால்ல ஏறுனாப்லல்ல தமிழ்வாணி. உங்க ஆளுகளுக்கு ஷூ போட்டுப் பழக்கமில்ல, அதான் தோணல. நாந்தான் யோசிச்சிருக்கணும்."

ஆறுதல் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 10

உங்க ஆளுகளாம்.

எந்த ஆளுக? சொல்லுங்க சார், எந்த ஆளுக?

அப்பா ஊரில் இருந்தவரை, தோப்புக்காரர்கள் இருக்கும் தெருவுக்குள் நுழையும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். தெருவைத் தாண்டிய பிறகு போட்டுக்கொள்வார். என்னையும் தம்பியையும் அப்படித்தான் கூட்டிப் போயிருக்கிறார். சித்திரை மாதத்து மண் காலைப் பொசுக்கும். நான் அழுதால் தூக்கிக்கொள்வார். அவர் காலை யார் தூக்கிக்கொண்டார்கள்? அதே தெருவில்தான் சூரியபிரகாஷின் வீடும். பழக்கமில்லையாமே! பழக விட்டது யாரு? போட்டா அடிக்க வந்தீங்க. இப்ப போடத் தெரியலன்னு பரிதாபப்படுறீங்க.

முனியாண்டி முன்னால் கழற்றியது வேறு. அது எங்கள் இஷ்டம். அந்த வெளிநாட்டுக்காரர் வந்தாலும் அங்கே கழற்றத்தான் சொல்வேன். சரி, வீடியோவை சூரியபிரகாஷும்தானே பார்த்தார்? சிவபாண்டியின் கால் முழுதாகத் தெரிந்ததே. ஷூ போட்டுப் பழகின ஆளுக்கு ஏன் தோணல?

இதில் என்ன எரிச்சல் என்றால், தப்பு நடந்தது உண்மை. அவர் சொன்னது அநியாயம், வளையம் மாட்டியது நிஜம். இரண்டையும் ஒன்றாக விழுங்க வேண்டியிருக்கிறது. இந்த ஆர்டரை நம்பித்தான் இரண்டு பேரை வேலைக்குச் சேர்த்தேன். வேறு தையல் எதையும் பிடிக்கவில்லை. இது போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

செப்டம்பர் 11

சிவபாண்டி செக்யூரிட்டி வேலை பார்த்தபோது வாங்கிய பூட்ஸ் பரணில் கிடந்தது. முனையில் துணியைத் திணித்து நான் போட்டுக்கொண்டேன். பட்டறை ஜன்னல் கம்பியில் ஏணித்துண்டைக் கட்டி ஏறினேன்.

உடனே புரிந்துவிட்டது. வெறுங்காலாக இருந்தால் விரல்களை மடக்கி உருவிக்கொள்கிறோம். பூட்ஸ் மடங்காது. பாரம் ஏறியதும் நாடா தட்டையாகி, குதிகாலைக் கவ்விக்கொள்கிறது. புரிந்ததே தவிரக் காலை எடுக்க முடியவில்லை. ஒற்றைக்காலில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். தங்கப்பொண்ணு அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சிரிக்காதக்கா, கத்திரிய எடு!"

"நாடாவ வெட்டவா, காலை வெட்டவா?"

செப்டம்பர் 13

வளையம் எப்போதும் வாய் திறந்தபடி நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இரும்புக் கம்பி வைத்துப் பார்த்தோம், காலைக் குத்தியது. அட்டை நைந்துபோனது. பக்கத்துக் கடையில் வண்டி கழுவுகிற கெட்டியான ரப்பர் ட்யூப்பைப் பார்த்ததும் பொறி தட்டியது. பழைய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து வெட்டி, நாடாவை அதற்குள் நுழைத்துத் தைத்தேன். நசுங்கவில்லை. பூட்ஸ் காலால் மிதித்தேன், உருவினேன், மறுபடி மிதித்தேன். ஆளுக்கொரு தடவை எல்லோரும் பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்டு ஏறினார்கள். ஜன்னல் கம்பி வளைந்துவிட்டது.

செப்டம்பர் 15

புது வளையத்தை வீடியோ எடுத்து அனுப்பினேன். ஜன்னலில் ஏறிக் காட்டினால் போதாதாம் அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு. பூட்ஸ் போட்ட ஆள் நல்ல உயரமான மரத்தில் ஏறி இறங்க வேண்டும். அதை சூரியபிரகாஷ் கூடவே நின்று பார்க்க வேண்டும். முனியாண்டி மரத்தில் பூட்ஸோடு ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப எங்க பெரியப்பா தோப்புக்கு வந்துருங்க. தென்னை நேரா இருக்கும்" என்றார்.

அந்தத் தோப்பா? வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் ஆர்டர். சரி என்றேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நானும் வாரேன். நான் தண்ணி பாய்ச்சுன மரமெல்லாம் எம்புட்டு ஒசந்துருக்குன்னு பாக்கணும்" என்றார். முகம் மலர்ந்திருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 18

இன்றே எழுதிவிடுகிறேன்.

தோப்பு வாசலில் சிவபாண்டி பூட்ஸைப் போட்டு லேஸைக் கட்டினான். உள்ளே கொஞ்ச தூரம்தான் போனோம். சூரியபிரகாஷின் பெரியப்பா காளை எதிரே வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகத் தம்பியின் காலைப் பார்த்தார்.

"டேய் சின்னா, மகனுக்குச் சொல்லி வளக்கலயா? தோப்புக்குள்ள என்னத்தப் போட்டுட்டு வாரான்? கருப்பு குடியிருக்குற எடம்டா."

அப்பாவைவிட அவர் வயதில் சின்னவர். அவர் காலில் தோல் செருப்பு. அவர் தம்பி மகன் சூரியபிரகாஷ் காலில் வெள்ளை ஷூ. இதெல்லாம் கருப்புக்குத் தெரியாதா? எங்கள் கால் மட்டும்தான் தெரியுமா?

இதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். சிவபாண்டியின் பூட்ஸ் லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார். யாரும் அவரை அவிழ்க்கச் சொல்லவில்லை. கை தானாகப் போகிறது. ஆயுசில் லேஸ் வைத்த ஷூ போட்டதில்லை அவர். எந்த நுனியை இழுப்பது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். சிவபாண்டி மரம் மாதிரி நின்றான். அவனுக்கு உறைக்காது என்று எழுதினேனே, அவன் கண் கலங்கியிருந்தது.

"எந்திரிப்பா" என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை போல. "அப்பா, எந்திரி!" என்று கத்தினேன்.

சூரியபிரகாஷ் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு நிமிஷந்தான தமிழ்வாணி. கழட்டிட்டு, மரத்துக்கிட்டப் போயிப் போட்டுக்கட்டும். பெரியவரு மனசு கோணாம…"

"எங்கப்பாவும் பெரியவருதான் சார்" என்றேன்.

ஏணித்துண்டுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். அப்பா பின்னாலேயே வந்தார். காளையைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

செப்டம்பர் 19

ஆர்டர் போனால் போகட்டும்.

செப்டம்பர் 21

அப்பாவோடு பேசவில்லை. அவருடைய தட்டைக்கூட டங்கென்று வைக்கிறேன். காளையிடம் காட்ட வேண்டிய கோபத்தை அவரிடம் காட்டுகிறேன் என்று தெரிகிறது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. ஏன் உட்கார்ந்தீர்கள்? உங்களை யார் உட்காரச் சொன்னது? இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாச்சு. இங்க யாரு உங்களக் கழட்டச் சொன்னா? காலு இங்க இருக்கு, நீங்க இன்னும் அங்கயேதான் நிக்கிறீங்களாப்பா?

கேட்கவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

தங்கப்பொண்ணு அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "ஊருக்கே பொதுவா ஒரு மரம் இல்லயாக்கும்?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

செப்டம்பர் 24

கண்மாய்க்கரையில் பனைமரங்கள் நிற்கின்றன. ஊர்ப்பொது. சாமியும் இல்லை, ஆசாமியும் இல்லை.

நானே ஏறுவது என்று முடிவு செய்தேன். என் கால் குட்டை, சிவபாண்டி கால் நீளம். பக்கிளை இறக்கி ஒரு அளவு, ஏற்றி ஒரு அளவு என்று இரண்டு பேரும் ஏறினால் அதையும் காட்டியதுபோல் ஆகும். சுடிதாரைச் சுருட்டிவிட்டு, துணி திணித்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். டூவீலர்கள் நின்றன. ஆடு மேய்க்கிற அம்மா, "ஆத்தாடி, பொம்பள எதுக்குப் பனை ஏறுது?" என்று கேட்டுக்கொண்டே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

அப்பா வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. ஏணித்துண்டுகளை அவரே தூக்கி நிறுத்தி, சிவபாண்டியோடு சேர்ந்து மரத்தில் இறுக்கிக் கட்டினார். பிறகு என் முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்றது.

"அவுந்து கெடக்கும்மா" என்றார். என் லேஸை எடுத்துக் கட்டினார். அவருக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றே ஒன்றுதான், மாட்டைத் தும்பில் கட்டுகிற முடிச்சு. அதைப் போட்டு, ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, "இப்ப ஏறு. அவுறாது" என்றார்.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டே முதல் துண்டு ஏறினேன். கால்வார் வாயைத் திறந்து காத்திருந்தது. பூட்ஸ் உள்ளே போனது, எழும்பினேன், உருவிக்கொண்டு வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. மேலே போய்ப் பார்த்தால் கண்மாய் முழுக்கத் தெரிந்தது, அதைத் தாண்டி விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தேன். அப்பா இரண்டு கையையும் விரித்தபடி நின்றார். அந்த உயரத்திலிருந்து விழுந்தால் அவரால் பிடிக்கவா முடியும்? ஆனாலும் விரித்துக்கொண்டுதான் நின்றார்.

பத்திரமாக இறங்கினேன். பிறகு சிவபாண்டி ஏறுவதற்காகப் பூட்ஸைக் கழற்றப் பார்த்தால் முடிச்சு அவிழவில்லை. மூன்று பேரும் மல்லுக்கட்டி, கடைசியில் அவன்தான் பல்லால் கடித்து அவிழ்த்து, போட்டுக்கொண்டு ஏறி இறங்கினான்.

வீடியோவை சூரியபிரகாஷுக்கு அனுப்பினேன். கூடவே பேசியும் அனுப்பினேன்: "நீங்க பக்கத்துல நிக்கல சார். ஊரே நின்னு பாத்துச்சு. இந்தத் தடவ காலையும் நல்லாப் பாருங்க."

செப்டம்பர் 30

மீதிச் சரக்கைப் புது வளையத்தோடு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். தொங்கிய மனிதரே மறுபடி ஏறிப் பார்க்கப் போகிறாராம். தைரியசாலிதான்.

சொல்வதற்கு சூரியபிரகாஷ் நேரில் வந்தார். பட்டறை வாசலில் எங்கள் செருப்புகள் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்து நின்றார். வெள்ளை ஷூவைக் கழற்றக் குனிந்தார்.

"போட்டுக்கிட்டே வாங்க சார். ஊசி கெடக்கும், குத்திரும். நாங்க கழட்டுறது எங்க பழக்கம். வர்றவங்களக் கழட்டச் சொல்ல மாட்டோம்."

நிமிர்ந்தார். பிறகு ஷூவோடு உள்ளே வந்தார். போகும்போது, "வாரேன்க்கா" என்றார். தங்கப்பொண்ணு அக்கா என் இடுப்பில் இடித்தார். ஒரு அக்காவுக்கு மயங்குகிற ஆள் இல்லை நான். தோப்பில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லையே.

அக்டோபர் 26

ஊரில் சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்பா மட்டும் கிளம்பினார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. பிறகு பரணைப் பார்த்து நின்றார்.

"அந்த பூட்ஸ எடு தம்பி."

சிவபாண்டி என்னைப் பார்த்தான். எடுத்துக் கொடுத்தான். துணியே திணிக்க வேண்டியிருக்கவில்லை, சரியாக இருந்தது. லேஸை நான் கட்ட வந்தால் விடவில்லை, அவரே கட்டிக்கொண்டார். வேட்டிக்கு அடியில் கறுப்பு பூட்ஸோடு அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பகல் முழுக்க வேலை ஓடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் பயந்தேன்.

சாயங்காலம் வந்தார். நொண்டி நொண்டி வந்தார். குதிகாலில் பூட்ஸ் கடித்து, காலுறை இல்லாத காலில் ரத்தம் கசிந்திருந்தது.

"கடிச்சா கழட்டிக் கையில எடுத்துக்கலாம்லப்பா?" என்று சிவபாண்டி கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அப்பா கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"காளை அய்யாவும் அதத்தான் சொன்னாரு. தெருவுல நிப்பாட்டி, கழட்டுறான்னாரு. முடிச்சு விழுந்துருச்சுங்கய்யா, அவுக்க வராதுன்னு சொல்லிட்டு நடந்து வந்துட்டேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து லேஸை இழுத்துப் பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை முடிச்சு போட்டிருக்கிறார். நிஜமாகவே அவிழவில்லை. பட்டறையில் நாடா வெட்டுகிற கத்திரியைக் கொண்டுவரச் சொல்லி வெட்டினேன்.

நாளைக்குப் புது லேஸ் வாங்க வேண்டும். காலுறையும்.